சர்வீஸ்களுக்கு நடுவே மனிதர் ஒப்புதல்: டேபிள் போதுமா, எஞ்சின் வேண்டுமா?

#1 கயிறிழுப்பு

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, இதுதான் முதல் கேள்வி.

எங்கள் சிஸ்டத்தில் ஆர்டர், பேமெண்ட், ஸ்டாக், ரீஃபண்ட் என்று தனித்தனி சர்வீஸ்கள், எல்லாம் கியூ (செய்தி வரிசை) வழியாகப் பேசிக்கொள்ளும். ரீஃபண்ட் தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் மேற்பார்வையாளர் ஒருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். இப்போது என்ன நடக்கிறது என்றால், ரீஃபண்ட் சர்வீஸ் மேற்பார்வையாளர்கள் ஐந்து பேருக்கும் மெயில் அனுப்பும், மெயிலில் ஒரு லிங்க், யார் அழுத்தினாலும் ஒப்புதல். போன வாரம் இரண்டு பேர் ஒரே நிமிடத்தில் அழுத்திவிட்டார்கள், பணம் இரண்டு தடவை போய்விட்டது. அதற்கு முந்தைய வாரம் இதற்கு நேர்மாறு, ஐந்து பேரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டதில் ஒரு கோரிக்கை ஒன்பது நாள் கிடந்தது.

வொர்க்ஃப்ளோ எஞ்சின், அதாவது எந்த வேலைக்குப் பின் எது என்று பார்த்து ஓட்டும் மென்பொருள், ஓப்பன் சோர்ஸில் காமுண்டா, ஃப்ளோவபிள், ஜேபிபிஎம் என்று பெயர்கள் கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த ஒரு ஒப்புதலுக்காக ஒரு எஞ்சினையே உள்ளே கொண்டுவரலாமா, இல்லை ஒரு டேபிள் போட்டு முடித்துவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 டேபிள்_போதும்

பெயரிலேயே பதில் இருக்கிறது :)

ஒரு டேபிள், அதில் நிலை, எடுத்தவர், எடுத்த நேரம். ஒருவர் அழுத்தும்போது 'நிலை இன்னும் காத்திருப்பாக இருந்தால் மட்டும்' என்ற நிபந்தனையோடு அப்டேட் பண்ணுங்கள். எத்தனை வரிசை மாறியது என்று பாருங்கள். பூஜ்யம் வந்தால் வேறொருவர் முந்திவிட்டார், அவ்வளவுதான். இருபது வரி கோட். இதற்குப் போய் எஞ்சின், அதற்கொரு டேட்டாபேஸ், அதற்கு அப்கிரேட், அதைத் தெரிந்த ஒரு ஆள் என்று போவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

#3 பழைய_பாட்டரி

டேபிள் போதும் என்பவர் சொல்வது முதல் மாதத்துக்கு நூற்றுக்கு நூறு சரி. இரண்டாவது மாதம் ஒருவர் வந்து 'நான் எடுத்தேன், ஆனால் இன்றைக்கு முடியாது, திரும்பப் போட வேண்டும்' என்பார். மூன்றாவது மாதம் 'நான் லீவு, என் வேலையெல்லாம் அவருக்குப் போகட்டும்'. அப்புறம் 'இரண்டு நாள் யாரும் தொடவில்லை என்றால் மேலாளருக்குச் சொல்'. ஒவ்வொன்றுக்கும் டேபிளில் ஒரு நெடுவரிசை கூடும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் நீங்களே ஒரு எஞ்சின் எழுதியிருப்பீர்கள், ஆவணம் மட்டும் இருக்காது.

கொஞ்சம் பழங்கதை சொல்கிறேன், பயன் இருக்கிறது. வெப் சர்வீஸ்களைக் கோர்த்து ஒரு ப்ராசஸாக ஓட்ட பிபெல் என்று ஒரு மொழி வந்தது. 2002இல் முதல் பதிப்பு, 2007இல் ஒயாசிஸ் என்ற தர அமைப்பின் தரமாக 2.0. அதில் சர்வீஸைக் கூப்பிடலாம், பதிலுக்குக் காத்திருக்கலாம், பிழை வந்தால் ஈடுசெய்யலாம், எல்லாம் உண்டு. மனிதர் மட்டும் கிடையாது. உலகத்தில் எல்லா ப்ராசஸிலும் எங்காவது ஒருவர் உட்கார்ந்து 'சரி' சொல்ல வேண்டியிருக்கிறது, அதை மொழியை எழுதியவர்கள் வெளியே விட்டுவிட்டார்கள்! ஐபிஎம்மும் எஸ்ஏபியும் 2005இல் இதைப் பற்றி ஒரு அறிக்கை எழுதி, 2007இல் ஆரக்கிள், அடோபி எல்லாம் சேர்ந்து இரண்டு வரையறைகள் வெளியிட்டார்கள். ஒன்று பிபெல்4பீப்பிள். மற்றது டபிள்யூஎஸ்-ஹியூமன்டாஸ்க்.

இரண்டாவதுதான் முக்கியம். அது சொன்ன ஒரே பெரிய விஷயம், மனிதர் செய்ய வேண்டிய வேலையும் ஒரு சர்வீஸ்தான் என்பது. ப்ராசஸ் தன் பாட்டுக்கு ஒரு டாஸ்க்கை உருவாக்கச் சொல்லும், டாஸ்க் வேறொரு இடத்தில் தன் வாழ்க்கையை நடத்தும், முடிந்ததும் பதில் வரும். நடுவில் ஐந்து நிமிடம் ஆகலாம், ஐந்து வாரமும் ஆகலாம். ப்ராசஸுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

அந்த வரையறை கேட்கும் எக்ஸ்எம்எல் கோப்பெல்லாம் இன்றைக்கு யாரும் எழுதுவதில்லை, எழுதவும் வேண்டாம். ஆனால் அதில் உள்ள நிலைப் பட்டியலை மட்டும் ஒரு தாளில் வரைந்து சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். உருவானது, தயார், ஒருவர் பெயரில் ஒதுக்கியது, நடந்துகொண்டிருப்பது, நிறுத்திவைத்தது, முடிந்தது, தோல்வி, பிழை, வெளியேற்றப்பட்டது, தேவையற்றுப்போனது. உங்கள் டேபிளில் 'காத்திருப்பு / ஒப்புதல் / மறுப்பு' என்று மூன்றுதானே வைக்கப் போகிறீர்கள்? மிச்சம் ஏழும் ஒவ்வொன்றாக உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்.

#4 நள்ளிரவு_லாக்

பாட்டரி அண்ணா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் கேள்வி கேட்டவர் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு எஞ்சினுக்குள் வரட்டும். எஞ்சின் போட்டால் பணம் இரண்டு தடவை போகாது என்று நினைத்தால் தப்பு. எங்களுக்குப் போனது, அதுவும் எஞ்சினால்.

நான் முன்பு இருந்த இடத்தில் ஆக்டிவிட்டி (காமுண்டா, ஃப்ளோவபிளுக்கு மூத்தது) வகை எஞ்சின், ஜாவா அப்ளிகேஷனுக்குள்ளேயே உட்கார்ந்து ஓடுவது. ஒப்புதல் டாஸ்க், அதற்கு அடுத்த பெட்டி பேமெண்ட் சர்வீஸை அழைப்பது, அதற்கு அடுத்து லெட்ஜரில் பதிவு. பார்க்க அழகாக இருந்தது. ஒருநாள் லெட்ஜர் சர்வீஸ் மூச்சுத் திணறியது. பயனர் 'ஒப்புதல்' அழுத்தினார், பேமெண்ட் போனது, லெட்ஜர் டைம்அவுட். பயனரின் திரையில் சிவப்பாக ஒரு பிழை. பட்டியலுக்குத் திரும்பினார், அதே டாஸ்க் அங்கேயே இருக்கிறது. மறுபடி அழுத்தினார். மறுபடி பேமெண்ட். பாவம், அவர் மூன்று தடவை அழுத்தியிருந்தார்.

காரணம் என்னவென்றால், இந்தக் குடும்பத்து எஞ்சின்களில் ஒரு டாஸ்க்கை முடித்தால், அடுத்த காத்திருப்புப் புள்ளி வரும்வரை உள்ள எல்லாப் பெட்டிகளும் அதே த்ரெட்டில், அதே டேட்டாபேஸ் ட்ரான்ஸாக்ஷனில் ஓடும். நடுவில் ஒன்று விழுந்தால் எல்லாம் ரோல்பேக், அதாவது பழைய நிலைக்கே திரும்பும், டாஸ்க் முடிந்ததும் சேர்த்து. ஆனால் வெளியே போன பேமெண்ட் அழைப்பை எந்த ரோல்பேக்கும் திரும்பக் கூப்பிடாது. இது பக் இல்லை, ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. நாங்கள் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

தீர்வு இரண்டு, இரண்டும் வேண்டும். சர்வீஸ் பெட்டிகளில் அசிங்க் குறி போடுங்கள், காமுண்டா 7இல் அதன் பெயர் அசிங்க் பிஃபோர். போட்டால் டாஸ்க் முடிந்தது உடனே கமிட் ஆகும், மிச்சம் பின்னணியில் ஓடும், விழுந்தால் எஞ்சினே திரும்ப முயலும். திரும்ப முயலும் என்றதும் அடுத்தது புரிந்திருக்கும், பேமெண்ட் சர்வீஸ் ஒரே கோரிக்கை எண்ணை இரண்டாவது தடவை பார்த்தால் 'ஏற்கெனவே கொடுத்தாயிற்று' என்று சொல்லப் பழக வேண்டும். இதை எஞ்சின் உங்களுக்காகச் செய்யாது. டேபிள் வைத்தாலும் செய்தே ஆக வேண்டும்.

#5 கயிறிழுப்பு

நள்ளிரவு_லாக், இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. எங்கள் பேமெண்ட் சர்வீஸ் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. முதலில் அதைச் சரிசெய்கிறேன்.

பாட்டரி அண்ணாவுக்கு ஒரு கேள்வி. பட்டியலில் 'வெளியேற்றப்பட்டது' என்று ஒன்று சொன்னீர்களே, அதற்கும் 'தோல்வி'க்கும் என்ன வித்தியாசம்?

#6 பழைய_பாட்டரி

நல்ல கேள்வி, எல்லோரும் வழுக்கி விழும் இடம்.

ரீஃபண்ட் கேட்ட வாடிக்கையாளர், ஒப்புதல் வருவதற்கு முன்பே 'வேண்டாம், பொருளை வைத்துக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டார் என்று வையுங்கள். ப்ராசஸ் அங்கே முடிந்துவிட்டது. ஆனால் டாஸ்க்? மேற்பார்வையாளரின் பட்டியலில் அப்படியே உட்கார்ந்திருக்கும். அவர் மறுநாள் காலை காபியோடு வந்து, பொறுப்பாகப் படித்து, ஒப்புதல் அழுத்துவார். அந்த ஒப்புதல் எங்கே போகும்? ப்ராசஸே இல்லை. அதிர்ஷ்டம் இருந்தால் பிழை வரும். இல்லாவிட்டால் பணம் போகும்.

அதனால்தான் அந்த வரையறையில் ப்ராசஸுக்கும் டாஸ்க்குக்கும் நடுவே ஒரு உடன்படிக்கையே வைத்தார்கள். ப்ராசஸ் செத்தால் 'வெளியேறு' என்று டாஸ்க்குக்குச் செய்தி போகும், டாஸ்க் அந்த நிலைக்கு மாறும், பட்டியலிலிருந்து மறையும். 'தோல்வி' என்பது வேலையைச் செய்தவரே 'என்னால் முடிக்க முடியவில்லை' என்று அறிவிப்பது. 'தேவையற்றுப்போனது' என்பது தாவிச் செல்லலாம் என்று அனுமதித்த டாஸ்க்கை ஒருவர் தாவியது. மூன்றும் அறிக்கையில் வேறுவேறு கதை சொல்லும். மூன்றையும் 'ரத்து' என்று ஒரே பெயரில் எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து 'ஏன் இவ்வளவு ரத்து' என்று கேட்பவருக்குப் பதில் இருக்காது.

எஞ்சினும் டாஸ்க்கும் ஒரே டேட்டாபேஸில் இருந்தால் இது தானாக நடக்கும், ப்ராசஸை நீக்கினால் டாஸ்க்கும் போய்விடும். டாஸ்க்கைத் தனி சர்வீஸாக வைத்தால் அந்த 'வெளியேறு' செய்தியை நீங்கள்தான் எழுத வேண்டும். அதை மறந்தவர்கள்தான் அதிகம்.

#7 வரைபடப்_பைத்தியம்

இவ்வளவு நேரம் யாரும் பிபிஎம்என் பற்றி, அதாவது ப்ராசஸை வரைபடமாக வரையும் தரத்தைப் பற்றி, பேசாதது ஆச்சரியம். 2011 ஜனவரியில் ஓஎம்ஜி என்ற தர அமைப்பு வெளியிட்ட 2.0இல் யூசர் டாஸ்க் என்று மனிதருக்கென்றே ஒரு பெட்டி இருக்கிறது, மூலையில் ஒரு ஆள் பொம்மையோடு. பிபெல் விட்ட ஓட்டையை அடைத்தது இதுதான். இன்றைக்கு இருக்கும் ஓப்பன் சோர்ஸ் எஞ்சின்களில் பெரும்பாலானவை அந்த வரைபடக் கோப்பை அப்படியே எடுத்து ஓட்டும்.

கயிறிழுப்பு சொன்ன ஒன்பது நாள் விவகாரத்துக்கும் இதிலேயே வழி இருக்கிறது. ஆனால் கவனம்: டாஸ்க்கில் 'கெடு தேதி' என்று ஒரு புலம் இருக்கும், அதை நிரப்பிவிட்டு எஞ்சின் பார்த்துக்கொள்ளும் என்று நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். காமுண்டாவிலும் ஃப்ளோவபிளிலும் அது வெறும் தகவல். பட்டியலைத் தேதிவாரியாக வரிசைப்படுத்த உதவும், தேதி தாண்டினால் ஒன்றும் நடக்காது. நடக்க வேண்டுமென்றால் பெட்டியின் விளிம்பில் ஒரு டைமர் வட்டம் ஒட்ட வேண்டும். அதிலும் கோடு விட்டுவிட்டுப் போட்ட வட்டம், அதாவது டாஸ்க்கை வெட்டாத வகை. முழுக்கோட்டு வட்டம் போட்டால் நேரம் ஆனதும் டாஸ்க் செத்து, ப்ராசஸ் வேறு பாதையில் போய்விடும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் இந்தக் கோட்டைக் கவனிக்காமல் நினைவூட்டல் மெயிலுக்கு முழுக்கோடு போட்டார். மெயில் போன மறுநொடி எல்லோருடைய பட்டியலும் காலி. 'அதற்குள் எல்லா வேலையும் முடிந்துவிட்டதா, சபாஷ்' என்று மேலாளர் மகிழ்ந்தார்.

#8 டேபிள்_போதும்

வரைபடத்தை வணிகத் தரப்பில் இருப்பவர்கள் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று எல்லா எஞ்சின் விற்பவர்களும் சொல்வார்கள். நான் பார்த்தவரை முதல் கூட்டத்தில் ஒருமுறை திறப்பார்கள், 'நன்றாக இருக்கிறது' என்பார்கள், அப்புறம் அதைத் தொடுவது நாம் மட்டும்தான்.

சரி, ஒரு பேச்சுக்கு எஞ்சின் என்றே வைப்போம். எதை எடுப்பது? நாலு வருடத்துக்கு ஒருமுறை எல்லாம் பெயர் மாறுகிறது. இன்றைக்கு ஓப்பன் சோர்ஸ், நாளைக்கு?

#9 உரிமம்_படித்தவன்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

வம்சாவளி தெரிந்தால் குழப்பம் பாதி குறையும். முதலில் ஜேபிபிஎம். அதைத் தொடங்கியவர் டாம் பேயன்ஸ். அவரும் அதில் வேலை பார்த்த ஜோரம் பாரெஸும் அங்கிருந்து கிளம்பி 2010இல் அல்ஃப்ரெஸ்கோ நிறுவனத்தில் ஆக்டிவிட்டி தொடங்கினார்கள். அதிலிருந்து 2013இல் காமுண்டா பிரிந்தது. 2016இல் ஆக்டிவிட்டியை எழுதிக்கொண்டிருந்தவர்களே பிரிந்து ஃப்ளோவபிள் என்று போனார்கள். அதனால்தான் மூன்றின் டேட்டாபேஸும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். டேபிள் பெயரில் ஆர்யூ என்று வந்தால் ஓடிக்கொண்டிருப்பது, ஹெச்ஐ என்று வந்தால் வரலாறு. ஒன்றைக் கற்றால் மற்ற இரண்டிலும் வழி தெரியும்.

இப்போது முக்கியமானது. காமுண்டா 7 அப்பாச்சி உரிமம், அதாவது ஓப்பன் சோர்ஸ். காமுண்டா 8 அதன் அடுத்த பதிப்பு என்று எண்ணை வைத்து நினைத்துவிடாதீர்கள். அது ஸீபி என்ற வேறு எஞ்சினின் மேல் கட்டியது, உங்கள் அப்ளிகேஷனுக்குள் உட்காராது, தனியாக ஓடும். 2024 அக்டோபரில் வந்த 8.6 முதல் அதை ப்ரொடக்ஷனில் ஓட்டக் கட்டண உரிமம் வேண்டும். மூலக்கோடு கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் அது ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடாது. 7இன் சமூகப் பதிப்பு 2025 அக்டோபரில் வந்த 7.24ஓடு முடிந்தது. அதை நம்பியிருந்தவர்களுக்காக ஆபரேட்டன், சிஐபி செவன் என்று இரண்டு கிளைகள் வந்திருக்கின்றன, இரண்டும் 7இன் கோடிலிருந்தே பிரிந்தவை.

ஜேபிபிஎம் இப்போது அப்பாச்சி அறக்கட்டளையின் இன்குபேட்டரில், கேஐஈ என்ற பெயரின் கீழ். பாட்டரி அண்ணா சொன்ன அந்த நிலைகளை அப்படியே வைத்திருப்பது இதுதான். புதிதாக வருபவர்கள் ஏமாறும் இடமும் அதுவே: எடுத்த டாஸ்க்கை நேராக முடிக்க முடியாது, நடுவில் 'தொடங்கு' என்று ஒரு அழைப்பு கொடுக்க வேண்டும். கொடுக்காமல் முடித்தால் அனுமதி இல்லை என்று திட்டும். நீங்கள் உரிமைப் பிரச்சினை என்று நினைத்து ஒரு நாள் முழுக்கத் தேடுவீர்கள். நான் தேடினேன்.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த யாவ்ல் என்று ஒன்றும் இருக்கிறது, வேலையை யாருக்கு எப்படிப் பங்கிடுவது என்பதில் அதைப் போல் ஆழமாக யோசித்தது வேறில்லை. படிக்க அருமை. வேலைக்கு எடுக்கும் முன் அதைத் தெரிந்த ஆள் கிடைப்பாரா என்று பாருங்கள்.

என் தேர்வு கேட்டால், ஜாவா வீடு என்றால் ஃப்ளோவபிள், ஏற்கெனவே காமுண்டா 7 இருந்தால் ஆபரேட்டன். ஜாவா இல்லை என்றால் யோசிக்க வேண்டும்.

#10 இடையில்_ஒருவன்

வொர்க்ஃப்ளோவைக் கோடாகவே எழுதி ஓட்டும் டெம்போரல் பற்றி யாரும் சொல்லவில்லையே? நாங்கள் அதில்தான் ஓட்டுகிறோம். ஒப்புதலுக்கு வொர்க்ஃப்ளோ சும்மா காத்திருக்கும், சிக்னல் வந்ததும் தொடரும், மாதக்கணக்கில் காத்திருந்தாலும் பிரச்சினை இல்லை.

#11 பழைய_பாட்டரி

காத்திருப்பதில் அது கில்லாடி, சந்தேகமே இல்லை. ஆனால் அதில் டாஸ்க் பட்டியல் என்று ஒன்று கிடையாது. யார் எடுக்கலாம், யார் எடுத்தார், எப்படித் திரும்பப் போடுவது, எல்லாம் நீங்கள் எழுதுவது. காத்திருப்பது கஷ்டமான பாதி என்று நினைக்கிறோம். எனக்கு என்னவோ பட்டியல்தான் கஷ்டமான பாதி.

#12 நள்ளிரவு_லாக்

அந்தப் பட்டியலைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம்.

ஆக்டிவிட்டி குடும்பத்தில் டாஸ்க்கை எடுக்க 'க்ளெய்ம்' என்று ஒரு அழைப்பு, 'அசைனி வை' (இன்னாருக்கு ஒதுக்கு) என்று இன்னொன்று. க்ளெய்ம் மட்டும்தான் வேறொருவர் ஏற்கெனவே எடுத்திருக்கிறாரா என்று பார்க்கும். மற்றது கேள்வி கேட்காமல் பிடுங்கிக் கொடுத்துவிடும். நிர்வாகிக்கு 'அசைனி வை', பயனருக்கு க்ளெய்ம். கலந்துவிட்டால் கயிறிழுப்பு சாரின் மெயில் லிங்க் கதை மறுபடி ஆரம்பம்.

இன்னொன்று இதைவிட மோசம். எடுத்தவர்தான் முடிக்கிறாரா என்று எஞ்சின் இயல்பாகப் பார்க்காது. டாஸ்க் எண் தெரிந்தால் போதும், 'முடி' என்று யார் சொன்னாலும் முடிக்கும். காமுண்டாவில் அனுமதிச் சரிபார்ப்பு இருக்கிறது, நீங்கள் அதை இயக்கியிருந்தால். எஞ்சினின் ரெஸ்ட் ஏபிஐயை, அதாவது வெளியிலிருந்து அழைக்கும் வாசலை, நேராகப் பிரௌசருக்குத் திறந்துவிட்ட ஒரு இடத்தை நான் பார்த்திருக்கிறேன், ஆடிட்டர் பார்ப்பதற்கு முன் நாங்கள் பார்த்தது புண்ணியம். முன்னால் உங்கள் சர்வீஸ் ஒன்று நிற்க வேண்டும், 'இவர் யார், இது இவருடையதா' என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.

வேலையை விட்டுப் போனவரின் பெயரில் தொங்கும் டாஸ்க்குகளைப் பற்றித் தனி இழையே போடலாம். ஒருவர் போய் நாலு மாதம் கழித்து அவருடைய பட்டியலைத் திறந்தோம், எழுபதுக்கும் மேல். அவர் பெயர் குழுவிலிருந்து நீங்கியிருந்தது, ஆனால் எடுத்தவை அவர் பெயரிலேயே இருந்தன. குழுப் பட்டியலில் எடுக்காதவை மட்டும்தான் தெரியும் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. இப்போது பயனர் முடக்கப்பட்டால் அவர் பெயரில் உள்ளதையெல்லாம் குழுவுக்குத் திருப்பிப் போட ஒரு சின்ன வேலை ஓடுகிறது.

#13 கயிறிழுப்பு

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து பேசினோம். முடிவு இப்படி:

பேமெண்ட் சர்வீஸில் கோரிக்கை எண் சரிபார்ப்பு நேற்றே போட்டாயிற்று. ஒப்புதல்களைத் தனி டாஸ்க் சர்வீஸாகப் பிரிக்கிறோம், ரீஃபண்ட் சர்வீஸ் அதனிடம் உருவாக்கு என்று சொல்லும், வெளியேறு என்று சொல்லும், பதிலைக் கியூவில் கேட்கும். அதற்கு மேல் எதுவும் தெரியாது. உள்ளே இப்போதைக்கு டேபிள்தான், பாட்டரி அண்ணாவின் நிலைகளில் ஏழு மட்டும் எடுத்திருக்கிறோம். அடுத்து இன்னும் மூன்று குழுக்கள் ஒப்புதல் வேண்டும் என்று வரிசையில் நிற்கிறார்கள், அவர்களுடைய பாதைகள் சிக்கலானவை. அவர்கள் வரும்போது உள்ளே ஃப்ளோவபிளை வைத்தாலும் வெளியே இருக்கும் சர்வீஸ்களுக்குத் தெரியாது. உரிமம் படித்தவர் சொன்ன வம்சாவளியைப் பார்த்தபின் எந்த எஞ்சினின் அழைப்பையும் மற்ற சர்வீஸ்களில் நேராக எழுத மனம் வரவில்லை.

#14 டேபிள்_போதும்

டேபிள்தான் என்ற வார்த்தை கண்ணில் பட்டது, இன்று நிம்மதியாகத் தூங்குவேன் :)

சும்மா ஒன்று கேட்கிறேன். ரீஃபண்ட் கோரிக்கையைப் பதிவு செய்தவரே மேற்பார்வையாளர் குழுவிலும் இருந்தால்? தன் கோரிக்கைக்குத் தானே ஒப்புதல் தர முடியுமா?

#15 பழைய_பாட்டரி

அந்த வரையறையில் இதற்கென்றே 'விலக்கப்பட்டவர்கள்' என்று ஒரு பாத்திரம் உண்டு, ஜேபிபிஎம்மிலும் அதற்கு நேரடியான அளவுரு இருக்கிறது. பிபிஎம்என்னில் கிடையாது, மற்ற எஞ்சின்களில் நீங்களே எழுத வேண்டும். எழுதும்போது எடுக்கும் இடத்தில் மட்டும் போடாதீர்கள். ஒருவர் எடுத்து இன்னொருவருக்குக் கைமாற்றும் பாதையிலும் போடுங்கள். நண்பர் பெயரில் எடுக்கச் சொல்லி, தனக்குத் தள்ளிவிடச் சொல்லி முடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

#16 கயிறிழுப்பு

இதைப் படித்துவிட்டுப் பழைய மெயில் லாகில் தேடிப் பார்த்தேன். பதிவு செய்தவரும் லிங்க்கை அழுத்தியவரும் ஒருவரே, பதினொரு இடத்தில். திங்கட்கிழமை மேலாளரிடம் பேச வேண்டும். அதற்குள் அந்த மெயிலை நிறுத்திவிட்டேன்.